விழித்திரையின் டோபமின் கலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவர்கள் கண் பற்றிய பாடம் முடிந்த பின்னர் என்னிடம் கேட்டவற்றையும், பெற்றோர் சிலர் வேறு காரணங்களுக்காகக் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பாடநூல், விழித்திரையை மங்கிய ஒளியை உணரும் கோல்கள், பகலொளியை உணரும் கூம்புகள், அவற்றின் செய்தியை வாங்கிக் கடத்தும் இருமுனைவுக் கலங்கள், அதை மூளைக்கு அனுப்பும் திரட்டுக் கலங்கள் என்ற வரிசையோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த வரிசையில் இடம்பெறாததும் எண்ணிக்கையில் மிகச் சிறியதுமான ஒரு கலவகை, அதாவது டோபமினை வெளியிடும் கலங்கள், முழு விழித்திரையையும் பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றியமைப்பதில் முதன்மையான பங்கை வகிக்கிறது. குரங்குகளிலும் மனிதரிலும் அக்கலவகை எங்கே இருக்கிறது, எவற்றோடு இணைகிறது என்பதே இப்பக்கத்தின் பொருள்.

கேள்வி: டோபமின் மூளையில் அல்லவா இருக்கிறது? கண்ணுக்குள் அது எப்படி வந்தது?

விழித்திரையும் மூளையின் ஒரு பகுதியே. முளைய வளர்ச்சியின்போது முன்மூளையின் பக்கச் சுவர் வெளிநோக்கிப் புடைத்து, பின்னர் கிண்ணம்போல் உட்குழிந்து விழித்திரை ஆகின்றது. ஆகையால் மூளை பயன்படுத்தும் நரம்புக்கடத்திகளுள் பெரும்பாலானவை விழித்திரையிலும் காணப்படுவதில் வியப்பில்லை. நோரட்ரினலின் தயாரிப்பில் வரும் ஓர் இடைப்பொருள் என்று மட்டும் கருதப்பட்டுவந்த டோபமின், தன்னளவிலேயே மூளையில் வேலை செய்யும் ஒரு பொருள் என்பதை 1957இல் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் காட்டினார். அதற்காக 2000ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1960களின் தொடக்கத்தில் அதே நாட்டில், உலர்த்திய இழையத்தை ஃபோமல்டிகைட்டு ஆவியில் வைத்தால் டோபமின் உள்ள கலங்கள் பச்சை நிறத்தில் ஒளிர்கின்றன என்ற முறை உருவாக்கப்பட்டது. அம்முறையை முயலின் விழித்திரையில் பயன்படுத்தியபோதுதான் கண்ணிலும் டோபமின் நரம்புக்கலங்கள் உள்ளன என்பது முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது.

கேள்வி: இக்கலங்கள் விழித்திரையில் சரியாக எந்த இடத்தில் உள்ளன?

விழித்திரையில் கலவுடல்கள் மூன்று படைகளாகவும், அவற்றுக்கு இடையில் நரம்பிணைப்புகள் நிகழும் பின்னற் படைகள் இரண்டாகவும் அமைந்திருக்கின்றன. டோபமின் கலங்கள், செய்தியைப் பக்கவாட்டில் பகிரும் அமக்கிரைன் கலங்கள் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கலவுடல்கள் நடுவில் உள்ள உட்கருப் படையின் உள்விளிம்பில் இருக்கின்றன. அண்டையில் உள்ள மற்ற அமக்கிரைன் கலங்களைவிடப் பருத்தவை. அவற்றின் கிளைகள் உட்பின்னற் படையின் மேல்விளிம்பில், அதாவது கலவுடல்களை ஒட்டிய மிக மெல்லிய ஒரு தளத்தில், கிடையாகப் பரவிச் செல்கின்றன.

கேள்வி: எத்தனை கலங்கள் இருக்கும்?

மிகக் குறைவு. ஒரு சுண்டெலியின் விழித்திரை முழுவதிலும் சில நூறு மாத்திரமே உள்ளன. மக்காக்கு குரங்கில் ஒரு சதுர மில்லிமீற்றருக்குச் சில பத்துக் கலங்கள் என்ற அளவில் இருக்கின்றன. அதே சதுர மில்லிமீற்றரில் கோல்களோ பல்லாயிரக்கணக்கில் செறிந்திருக்கின்றன. 1984இல் மக்காக்கு வகையைச் சேர்ந்த றீசஸ் குரங்கில் மரியானி, கோல்ப், நெல்சன் ஆகியோர் செய்த ஆய்வு, டோபமின் கலங்களின் பரம்பல் கோல்களின் பரம்பலைப் பின்தொடர்கிறது என்று காட்டியது. கோல்களே இல்லாத மையக்குழியில் (கூர்மையான பார்வைக்குரிய நடுப்பள்ளத்தில்) டோபமின் கலவுடல்களும் இல்லை. கோல்கள் செறிந்திருக்கும் வலயத்தில் இவையும் கூடுகின்றன. பகற்பார்வையோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு கலவகை, இரவுப்பார்வைக்குரிய கோல்களின் பரம்பலை ஏன் பின்பற்ற வேண்டும் என்ற ஐயம் உங்களுக்கு எழுந்தால் அது நல்ல ஐயம். அதற்கான விடை அவற்றின் இணைப்புகளில் இருக்கிறது.

கேள்வி: அவ்வளவு குறைந்த கலங்களை ஆய்வாளர் எப்படி அடையாளம் காண்கின்றனர்?

தைரோசின் என்ற அமினோ அமிலத்தை, டோபமினின் முன்னோடியான எல்-டோபாவாக மாற்றும் தைரோசின் ஐதரொட்சிலேசு என்ற நொதியம் இல்லாமல் இக்கலங்கள் டோபமினைத் தயாரிக்க இயலாது. அந்த நொதியத்தில் மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியைத் தயாரித்து, அதனோடு ஒரு சாயத்தை இணைத்து விழித்திரையில் இட்டால், கலவுடல் முதல் நுனிக்கிளை வரை முழுக் கலமும் துலங்கித் தெரியும். 1990இல் டென்னிஸ் டேசி மக்காக்கு விழித்திரையில் இக்கலங்களின் முழு உருவத்தையும் விரிவாக விவரித்தார். கலவுடலைச் சுற்றி ஒப்பளவில் தடித்த, முட்களுள்ள கிளைகள் பரவியுள்ளன. அவற்றிலிருந்து அக்சன் போன்ற மிக மெல்லிய இழைகள் புறப்பட்டுப் பல மில்லிமீற்றர் தூரம் ஓடுகின்றன. மனிதக் கண்ணின் விட்டமே ஏறக்குறைய 24 மில்லிமீற்றர்தான் என்பதை நினைவிற்கொண்டால் அந்த நீளத்தின் பொருள் விளங்கும். கலவுடல்கள் அரிதாக இருந்தாலும், பல கலங்களின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து விழித்திரை முழுவதையும் இடைவெளியின்றி மூடிவிடுகின்றன.

தைரோசின் ஐதரொட்சிலேசு மங்கலாகத் தெரியும் இரண்டாவது கலவகையொன்றும் குரங்கில் விவரிக்கப்பட்டிருக்கிறது. அதன் கிளைகள் உட்பின்னற் படையின் நடுப்பகுதியில் பரவுகின்றன. சுண்டெலியில் அதையொத்த கலவகை டோபமினை வெளியிடுவதாகத் தெரியவில்லை. ஆகவே இப்பக்கத்தில் டோபமின் கலம் என்று சொல்லும்போது முதல் வகையையே குறிக்கிறேன்.

கேள்வி: அவை எந்தக் கலங்களோடு இணைகின்றன?

இதுதான் இப்பக்கத்தின் மையக் கேள்வி. ஆகவே சற்று நீளமாகவே விடை சொல்ல வேண்டும்.

நுண்ணோக்கியில் மேலிருந்து பார்க்கும்போது, டோபமின் கலங்களின் மெல்லிய இழைகள் ஆங்காங்கே சிறு வளையங்களாகச் சுற்றியிருப்பது தெரியும். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு கலவுடல் இருக்கும். அந்தக் கலம் பெரும்பாலும் ஏ-இரண்டு என்று பெயரிடப்பட்ட இன்னொரு அமக்கிரைன் கலமாகும். வளைய இழைகளில் உள்ள புடைப்புகள் அதன் கலவுடலிலும் அடிக்கிளையிலும் நரம்பிணைப்புகளை ஏற்படுத்துகின்றன. பாலூட்டிகளின் விழித்திரையில் டோபமின் கலங்கள் ஏ-இரண்டு கலங்களையே முதன்மையாக நாடுகின்றன என்பதை 1987இல் ஃபோய்க்ட், வெஸ்லே ஆகிய இருவரும் தெளிவாக நிறுவினர்.

ஏ-இரண்டு கலம் ஏன் அவ்வளவு முக்கியம்? கூம்புகளின் செய்தி இருமுனைவுக் கலம் வழியாக நேரே திரட்டுக் கலத்தை அடைகிறது. கோல்களின் செய்திக்கு அந்த நேர்வழி இல்லை. கோல் இருமுனைவுக் கலம் திரட்டுக் கலத்தைத் தொடுவதே அரிது; அது தன் செய்தியை ஏ-இரண்டு கலத்திடம் ஒப்படைக்கிறது. ஏ-இரண்டு கலம் அதை இரு வழிகளில் பிரித்துக் கொடுக்கிறது. ஒளி கூடும்போது கிளர்வுறும் கூம்பு இருமுனைவுக் கலங்களுக்கு இடைவெளிச் சந்திகள் (அடுத்தடுத்த கலங்களை நேரே இணைக்கும் நுண்வழிகள்) ஊடாக மின்முறையிலும், ஒளி குறையும்போது கிளர்வுறும் கலங்களுக்குக் கிளைசின் என்ற தடுப்புக் கடத்தி ஊடாகவும் அச்செய்தி சேர்கிறது. ஆக, இரவுப்பார்வைக்கான முதன்மை வழி இந்த ஒரு கலவகை ஊடாகவே செல்கிறது. டோபமின் கலங்களின் வளையங்கள் இருப்பதும் அதே வழியில்தான். அவை கோல்களின் பரம்பலைப் பின்பற்றுவதற்கான காரணத்தை இங்கே தேடுவதே பொருத்தமானது.

ஏ-இரண்டு கலங்கள் தங்களுக்குள்ளும் இடைவெளிச் சந்திகளால் பிணைக்கப்பட்டுள்ளன. வாவியில் நிலவில்லாத இரவில் தோணியிலிருந்து பார்ப்பவரின் கண்ணில், ஒவ்வொரு கோலுக்கும் எப்போதாவது ஒரு ஒளித்துகள்தான் கிடைக்கும். அச்சிறு சைகையைப் பல கலங்களுக்கிடையே பகிர்ந்து சராசரிப்படுத்தினால் இரைச்சல் குறைந்து ஏதோ ஒரு உருவம் புலப்படும். ஆனால் அந்தப் பகிர்வு கூர்மையைக் கெடுக்கிறது. வெளிச்சம் கூடியபின் அது தேவையற்றது. 1992இல் முயலின் விழித்திரையில், ஒரு ஏ-இரண்டு கலத்துக்குள் செலுத்திய குறிப்பொருள் அண்டைக் கலங்களுக்குப் பரவுவதை டோபமின் பெரிதும் குறைத்துவிடுகிறது என்று காட்டப்பட்டது. டோபமின், ஏ-இரண்டு கலத்தின் டி-ஒன்று வாங்கியில் (டோபமினைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தில்) சேரும்போது கலத்தினுள் சக்கர ஏ.எம்.பி. என்ற செய்திகாவும் மூலக்கூறு கூடுகிறது, அதன் தொடர்விளைவாக இடைவெளிச் சந்தியை ஆக்கும் கொனெக்சின்-36 என்ற புரதத்திலிருந்து பொசுபேற்றுக் கூட்டங்கள் நீக்கப்பட்டு, சந்தியின் கடத்துதிறன் வீழ்கிறது.

ஒரு நுட்பத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முழு இருளில் ஏ-இரண்டு கலங்களின் பிணைப்பு உச்சத்தில் இருக்கும் என்று பலர் எழுதுகின்றனர். ஆனால் முயலில் அளந்தபோது முழு இருளில் பிணைப்புக் குறைவாகவும், அந்திபோன்ற மங்கிய ஒளியில் மிகக் கூடியும், பகலொளியில் மீண்டும் குறைந்தும் காணப்பட்டது.

கேள்வி: டோபமின் கலத்துக்குச் செய்தி கொடுப்பவை எவை?

இங்கே ஒரு புதிர் இருந்தது. உட்பின்னற் படையின் மேற்பாதியில் ஒளி குறையும்போது கிளர்வுறும் கலங்களின் இணைப்புகளும், கீழ்ப்பாதியில் ஒளி கூடும்போது கிளர்வுறும் கலங்களின் இணைப்புகளும் அமைகின்றன என்பது பொதுவான விதி. டோபமின் கலங்களின் கிளைகள் மேல்விளிம்பில் இருக்கின்றன. ஆனால் அவை ஒளி கூடும்போதுதான் டோபமினைக் கூடுதலாக வெளியிடுகின்றன. 1987இல் ஹொகோச், மரியானி ஆகியோர் றீசஸ் குரங்கின் விழித்திரையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, டோபமின் கலங்கள் இருமுனைவுக் கலங்களிடமிருந்து நரம்பிணைப்புகளைப் பெறுகின்றன என்பதைக் காட்டினர். அந்த இருமுனைவுக் கலங்கள் எவை என்பதற்கான விடை 2009 அளவில் மற்றப் பாலூட்டிகளில் தெளிவாயிற்று. ஒளி கூடும்போது கிளர்வுறும் சில இருமுனைவுக் கலங்களின் அக்சன் கீழ்ப்பாதியை நோக்கி இறங்கும் வழியிலேயே, மேல்விளிம்பைக் கடக்கும்போது, டோபமின் கலங்களுக்கு நரம்பிணைப்பை வழங்கிச் செல்கிறது. விதிக்கு விலக்காக அமைந்த இந்த இணைப்பு, மாணவர்க்கு ஒரு நல்ல பாடம் என்பது என் கருத்து: கலம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதன் தொழிலைத் தீர்மானித்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி இன்னும் வியப்பானது. மெலனொப்சின் என்ற நிறப்பொருளைக் கொண்டு தாமே ஒளியை உணரும் திரட்டுக் கலங்கள் சில உள்ளன. பார்வை நரம்பின் ஊடாக மூளையின் நாட்கடிகாரத்துக்கு ஒளிச் செய்தியைக் கொண்டுசெல்வது அவற்றின் நன்கறிந்த வேலை. அவற்றுள் ஒரு வகையின் கிளைகள், டோபமின் கலங்களின் கிளைகள் இருக்கும் அதே மேல்விளிம்பில் பரவி அவற்றோடு அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. 2008இல் சுண்டெலியில் செய்த பதிவுகள், கோல்களும் கூம்புகளும் செயலிழந்த நிலையிலும் சில டோபமின் கலங்கள் நீடித்த ஒளித்துலங்கலைக் காட்டுவதையும், அது மெலனொப்சின் கலங்களிலிருந்து வருவதையும் எடுத்துக்காட்டின. அதாவது, விழித்திரையின் வெளியேறும் வாயிலில் நிற்கும் திரட்டுக் கலம், செய்தியைப் பின்னோக்கியும் அனுப்புகிறது.

இவற்றைத் தவிர, மற்ற அமக்கிரைன் கலங்கள் தடுப்புச் செய்திகளைக் கொடுக்கின்றன. இருளில் டோபமின் வெளியீட்டைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இத்தடுப்பே.

கேள்வி: டோபமின் நரம்பிணைப்பின் ஊடாக மட்டும்தான் வேலை செய்கிறதா?

இல்லை. டோபமினுக்கான வாங்கிகள் விழித்திரையின் ஏறத்தாழ எல்லா வகைக் கலங்களிலும் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கும் டோபமின் கலத்துக்கும் இடையில் எந்த நரம்பிணைப்பும் இல்லை. ஒளியுணர் கலங்களில் டி-நான்கு வாங்கி உள்ளது. டோபமின் கலத்தின் இழையோ அங்கிருந்து பல மைக்குரோமீற்றர் தள்ளி நிற்கிறது. வெளியிடப்படும் டோபமின் கலவிடைப் பாய்பொருளில் பரவிச் சென்று அவ்வாங்கிகளை அடைகிறது. அங்கே அது கோலுக்கும் கூம்புக்கும் இடையிலான மின்பிணைப்பைக் குறைத்து, இரவில் கூடும் மெலற்றோனின் என்ற பொருளின் தயாரிப்பையும் தணிக்கிறது. மெலற்றோனின் இரவில் டோபமின் வெளியீட்டை அடக்குகிறது. ஒன்றையொன்று தணிக்கும் இவ்விரு பொருள்களும் விழித்திரைக்கெனத் தனியான ஒரு பகல்-இரவு ஒழுங்கைப் பேணுகின்றன.

வயற்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இதை இப்படிச் சொல்வதுண்டு. உன்னிச்சைக் குளத்து நீரைச் சுமப்பது வாய்க்கால். எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்று பார்ப்பவர் வட்டவிதானை. கோல், இருமுனைவுக் கலம், திரட்டுக் கலம் என்பன வாய்க்கால்கள். டோபமின் கலம் வட்டவிதானை. ஒரு கண்டத்துக்கு ஒரு வட்டவிதானை போதும் என்பதால், இக்கலங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் இயல்பே.

அதே இழைகளிலிருந்து காபா என்ற தடுப்புக் கடத்தியும் வெளியாகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. வளையங்களில் உள்ள நரம்பிணைப்புகளில் ஏ-இரண்டு கலத்தின் பக்கத்தில் காபா வாங்கிகள் குவிந்திருக்கின்றன. எனவே ஒரே கலம் நெருங்கிய அயலாருக்குக் காபாவினால் விரைவாகவும், தொலைவில் உள்ளவற்றுக்குப் பரவிச் செல்லும் டோபமினால் மெதுவாகவும் செய்தி சொல்கிறது எனக் கொள்ளலாம்.

கேள்வி: மீன்களில் உள்ள ஊடுபின்னற் கலங்கள் மனிதரிலும் உண்டா?

இரு பின்னற் படைகளிலும் கிளைகளைப் பரப்பி அவற்றை இணைப்பவையே ஊடுபின்னற் கலங்கள். பொன்மீனில் டோபமின் கலங்கள் தெளிவாக இரு பின்னற் படைகளையும் இணைக்கின்றன. வெளிப்பின்னற் படையில் அவற்றின் கிளைகள், ஒளியுணர் கலங்களைப் பக்கவாட்டில் இணைக்கும் கிடைக்கலங்களைச் சூழ்ந்துகொள்கின்றன. தென்னமெரிக்கக் கபுச்சின் குரங்கிலும் அவ்வாறான இழைகள் ஏராளமாக உள்ளன. மக்காக்குக் குரங்கிலும் மனிதரிலும் வெளிநோக்கி ஏறும் இழைகள் உண்டு. ஆனால் அவை ஒப்பளவில் குறைவு.

கேள்வி: நம் ஊர்த் தோட்டங்களுக்கு வரும் செங்குரங்கில்தான் இந்த ஆய்வுகள் செய்யப்பட்டனவா?

அல்ல. இலங்கைக்கே உரிய செங்குரங்கு, றீசஸ் குரங்கு இடம்பெறும் அதே மக்காக்குப் பேரினத்தைச் சேர்ந்தது. மேலே சொன்ன குரங்கு ஆய்வுகள் றீசஸ் முதலான, ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் மக்காக்கு இனங்களில் செய்யப்பட்டவை.

கேள்வி: உச்சி வெயிலில் கல்லடிப் பாலத்தைக் கடந்து வந்து இருட்டறைக்குள் நுழைந்தால் சற்று நேரம் ஒன்றும் தெரிவதில்லை. அதற்கு டோபமின்தான் காரணமா?

முதன்மைக் காரணம் அதுவன்று. வெயிலில் கோல்களின் உரொடொப்சின் என்ற ஒளியுணர் நிறப்பொருள் பெருமளவு வெளிறிப்போகிறது. உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து பெறப்படும் பகுதி மீண்டும் இணைந்து அது முழுமையாகத் தேற 30 முதல் 40 நிமிடங்கள் வரை செல்லும். டோபமினின் பங்கு, எந்தச் சுற்று வேலைசெய்ய வேண்டும் என்பதை மாற்றியமைப்பது. மாலைக்கண் நோயில் குறைவது உயிர்ச்சத்து ஏ. அதை டோபமினோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

கேள்வி: பார்க்கின்சன் நோயில் கண்ணும் பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படலாம். அந்நோயில் இறக்கும் கலங்கள் முதன்மையாக நடுமூளையில் உள்ளவை என்றாலும், இறந்தவர்களின் விழித்திரையிலும் டோபமின் அளவு குறைந்திருப்பது அளக்கப்பட்டிருக்கிறது. நோயாளர் பலருக்கு எழுத்துப் பலகையை வாசிக்கும் பார்வைக்கூர்மை நன்றாகவே இருக்கும். ஆனால் சாம்பல் நிறப் பின்னணியில் சற்றே கருமையான கோடுகளைப் பிரித்தறியும் திறன், அதாவது நிறமாறுபாட்டு உணர்திறன், குறைந்திருக்கும். மங்கலான படிக்கட்டில் தடுமாறும் முதியவரின் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பதை விட, இந்த அறிகுறியை வைத்தியரிடம் எடுத்துச் சொல்வது பயனுள்ளது. எல்-டோபா மருந்தினால் இத்திறன் ஓரளவு மேம்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன.

பூனைக்காலி விதையில் எல்-டோபா இயற்கையாகவே உண்டு என்பது உண்மை. அதைத் தாமே அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: கூடாது. அளவு விதைக்கு விதை வேறுபடும். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

கேள்வி: பிள்ளை காலை முதல் இரவு வரை டியூசன் வகுப்பில் இருக்கிறான். கிட்டப்பார்வைக்கும் டோபமினுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

தொடர்பு உண்டு என்று கருதுவதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. தெளிவான உருவம் விழாதபடி கண்ணை மறைத்து வளர்த்த கோழிக்குஞ்சுகளில் விழித்திரை டோபமின் குறைந்து, கண்கோளம் நீண்டு, கிட்டப்பார்வை உண்டாவதை 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. டோபமின் வாங்கிகளைத் தூண்டும் அப்போமோர்பின் என்ற மருந்து, அவ்வாறு மறைக்கப்பட்ட குரங்குக் கண்களின் மிகை நீட்சியைக் குறைத்தது என்று 1991இல் அறிவிக்கப்பட்டது. மனிதப் பிள்ளைகளில் நேரடியாக டோபமினை அளக்க இயலாது. ஆனால் சீனாவின் குவாங்சோ நகரில் 6, 7 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் செலவிட வைத்தபோது, மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டோர் 30.4 சதவீதமாகவும், மற்றப் பாடசாலைகளில் 39.5 சதவீதமாகவும் இருந்தனர். இம்முடிவு 2015இல் வெளியானது. வகுப்பறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியில் மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அந்த வேறுபாடு டோபமின் வெளியீட்டைக் கூட்டிக் கண்ணின் நீட்சியைத் தடுக்கிறது என்பதே இன்று முன்னிலையில் உள்ள விளக்கம். ஆயினும் வாங்கியிலிருந்து வெண்படலம் (கண்கோளத்தின் வெளிச்சுவர்) வரை அச்செய்தி எவ்வழியாகச் செல்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. மாலை நான்கு மணிக்கு விளையாட்டுத் திடலில் இருக்க வேண்டிய பிள்ளையை அந்நேரத்தில் இன்னொரு வகுப்புக்கு அனுப்புவதுதான் என் பார்வையில் பிரச்சினை. வெளியில் இருப்பதென்றால் சூரியனை உற்றுப் பார்ப்பது என்று பொருளல்ல. ஏற்கெனவே கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கண்ணாடி தேவையே.

கேள்வி: கைப்பேசி பார்ப்பதால் "டோபமின் கூடிவிடும்" என்று சொல்லப்படுவது இந்த டோபமினையா?

அல்ல. அப்பேச்சு நடுமூளையிலிருந்து புறப்படும் வேறு கலங்களைப் பற்றியது. விழித்திரையின் டோபமின் கலங்கள் தங்கள் இழைகளை விழித்திரைக்கு வெளியே அனுப்புவதில்லை.

கேள்வி: பாடசாலை ஆய்வுகூடத்தில் இக்கலங்களைப் பார்க்க முடியுமா?

முடியாது. பிறபொருளெதிரிச் சாயமும் ஒளிர்வு நுணுக்குக்காட்டியும் இல்லாமல் இவற்றை மற்றக் கலங்களிலிருந்து பிரித்தறிய இயலாது. எனினும் இறைச்சிக்கடையில் கிடைக்கும் புதிய ஆட்டுக்கண்ணைக் குறுக்கே வெட்டி, கண்ணாடியுடனீரை மெதுவாக அகற்றினால், விழித்திரை ஈரமான வெண்மெழுகுத் தாள்போல் சுருங்கி, பார்வை நரம்பு வெளியேறும் ஒரே இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதன் பின்னால் நீலப்பச்சையாக மின்னும் படலம், ஒளியைத் தெறிக்கச் செய்து இரவுப்பார்வைக்கு உதவுவது. செங்குரங்கின் கண்ணிலோ நம் கண்ணிலோ அது கிடையாது. கையுறை அணியுங்கள், கத்தியைப் பயன்படுத்தும்போது ஆசிரியர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.